அரபு நிலங்களைப் பங்கு போட்டது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசின் வீழ்ச்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், அரபு நிலங்களுக்காக பிரிட்டனும் பிரான்சும் நடத்திய பேரத்தைப் பற்றியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: இன்றைய சிரியா, இராக், ஜோர்டான் எல்லைகளை 1916-இல் சைக்ஸ், பிக்கோ என்ற இருவர் அடிக்கோல் வைத்துப் போட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: பெரும்பகுதி உண்மையில்லை. பிரிட்டனின் மார்க் சைக்ஸும் பிரான்சின் பிக்கோவும் ரகசியமாகப் பேசி முடித்த 1916 மே மாத ஒப்பந்தத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒப்பந்தப்படி மோசுல் பிரான்சின் செல்வாக்குப் பகுதி. இன்று அது இராக்கில் இருக்கிறது. பாலஸ்தீனத்தின் பெரும்பகுதி சர்வதேச நிர்வாகத்தின் கீழ் வரவேண்டியது; பிரிட்டன் தனியாக எடுத்துக்கொண்டது. மர்ஸின், அதனா, தியார்பக்கிர் எல்லாம் பிரான்சுக்கு என்று எழுதினார்கள்; அவை முழுக்கத் துருக்கியில் இருக்கின்றன. லெபனான் என்று தனி நாடு அந்த ஒப்பந்தத்தில் கிடையாது. அதை பிரெஞ்சுத் தளபதி கூரோ 1920 செப்டம்பர் 1 அன்று அறிவித்தார்.

எல்லைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1920 ஏப்ரலில் சான் ரேமோ மாநாடு, அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன்–பிரான்ஸ் எல்லை உடன்படிக்கை, 1921 மார்ச்சில் கெய்ரோ மாநாடு, 1923-இல் லோசான் உடன்படிக்கை, 1926-இல் மோசுல் தீர்வு, 1939-இல் அலெக்ஸாண்ட்ரெட்டா துருக்கியோடு சேர்ந்தது என்று கால் நூற்றாண்டு இழுத்தது. சிரியாவையும் அதன் தெற்கே உள்ள பாலைவனத்தையும் பிரிக்கும் கோட்டின் போக்கில் மட்டும் 1916-இன் சாயல் தெரிகிறது. அப்படியென்றால் அந்த ஒப்பந்தம் முக்கியமில்லையா? முக்கியம்தான். அங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமலே லண்டனும் பாரிசும் அந்த நிலத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற உரிமையை இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று எழுதிக் கொடுத்துக்கொண்டது அதில்தான். பிறகு மாறியது பங்கின் அளவு மட்டுமே.

கேள்வி: பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பந்தத்தை வரைபடமாகக் காட்ட விரும்புகிறேன். எப்படி வரைவது? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: மேற்கு ஆசியாவின் வெற்று வரைபடம் ஒன்று எடுங்கள். இன்றைய நாட்டு எல்லைகள் அச்சாகாததாக இருக்கட்டும். எல்லைக்கோடு இருந்தால் பிள்ளைகள் அதற்குள்ளேயே வண்ணம் நிரப்பிவிடுவார்கள். கடற்கரையும் யூஃப்ரட்டீஸ், டைக்ரிஸ், ஜோர்டான் ஆறுகளும் இருந்தால் போதும். பென்சிலால் இந்த ஊர்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: மர்ஸின், அதனா, தியார்பக்கிர், அலெக்ஸாண்ட்ரெட்டா, அலெப்போ, ஹமா, ஹோம்ஸ், டமாஸ்கஸ், பெய்ரூத், ஏக்கர், ஹைஃபா, ஜெருசலேம், காஸா, மோசுல், கிர்குக், பாக்தாத், பஸ்ரா.

முதலில் அலெப்போ, ஹமா, ஹோம்ஸ், டமாஸ்கஸ் நான்கையும் வடக்கிலிருந்து தெற்காக இணையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேற்கே கடல் வரை உள்ள பட்டையும், வடக்கே மர்ஸின், அதனாவில் தொடங்கி ஆனத்தோலியாவின் உள்ளே தியார்பக்கிர் வரை போகும் பகுதியும் நீலம். இங்கே பிரான்ஸ் நேரடியாக ஆளலாம். அந்த நான்கு ஊர்களும் நீலத்துக்குள் போய்விடக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இங்கேதான்.

அடுத்து ஏக்கரிலிருந்து கிர்குக் வரை ஒரு கோடு. 1915 டிசம்பர் 16 அன்று டவுனிங் தெருவில் அமைச்சர்களிடம் மார்க் சைக்ஸ், ஆங்கிலத்தில் ஏக்கர் (Acre) என்ற பெயரின் 'ஈ' எழுத்தில் தொடங்கி கிர்குக்கின் கடைசி 'கே' வரை கோடு போடலாம் என்றார். அதுதான் இது. நீலத்துக்குக் கிழக்கே, இந்தக் கோட்டுக்கு வடக்கே இருப்பது 'ஏ' பகுதி: நான்கு ஊர்களும் மோசுலும். கோட்டுக்குத் தெற்கே இருப்பது 'பி' பகுதி: ஜோர்டான் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலமும் பாலைவனமும், காஸாவுக்குத் தெற்கே உள்ள நெகேவும். இந்த இரண்டையும் வண்ணத்தால் நிரப்பாமல் சாய்கோடு மட்டும் போடுங்கள். அங்கே அரபு அரசு ஒன்றையோ அரபு அரசுகளின் கூட்டமைப்பையோ அங்கீகரிப்பதாகத்தான் வாசகம். ஆனால் ஏ-யில் ஆலோசகர்களை அனுப்பும் உரிமை பிரான்சுக்கு மட்டும், பி-யில் பிரிட்டனுக்கு மட்டும். தொழில், கடன் கொடுப்பதிலும் அவரவர்க்கே முன்னுரிமை.

பாக்தாத், பஸ்ரா, வளைகுடாக் கரையோரம் சிவப்பு: பிரிட்டனின் நேரடி ஆட்சி. ஹைஃபாவும் ஏக்கரும் மத்தியதரைக் கரையில் தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. அதை மறந்துவிட்டால் பிரிட்டன் எதற்காகப் பேரம் பேசியது என்பதே விளங்காது. ஹைஃபாவிலிருந்து பாக்தாதுக்கு ரயில் பாதை போடும் உரிமையும் அதோடு சேர்ந்தது. காஸாவிலிருந்து வடக்கே பாலஸ்தீனத்தின் மீதிப் பகுதி பழுப்பு: சர்வதேச நிர்வாகம். ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: ஏ பகுதியிலிருந்து பி பகுதிக்கு டைக்ரிஸ், யூஃப்ரட்டீஸ் தண்ணீர் குறிப்பிட்ட அளவு வந்தாக வேண்டும், துருக்கியின் சுங்க வரி விகிதம் 20 ஆண்டுகளுக்கு அப்படியே தொடரும். துறைமுகம், தண்டவாளம், தண்ணீர், சுங்கம் ஆகியவற்றைப் பற்றிய பேரம் இது என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

கேள்வி: மெக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு பிரிட்டன் பாலஸ்தீனத்தைத் தருவதாகச் சொன்னதா, இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: உதுமானியருக்கு எதிரான கலகத்தையும் அரபு சுதந்திரத்தையும் பற்றி, அவர்களின் கீழ் மெக்காவை ஆண்ட ஹுசைனும் பிரிட்டனும் எழுதிக்கொண்ட கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். மொத்தம் பத்துக் கடிதங்கள். ஹுசைன் எழுதியவை ஐந்து: 1915 ஜூலை 14, செப்டம்பர் 9, நவம்பர் 5, 1916 ஜனவரி 1, பிப்ரவரி 18. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி மக்மகான் எழுதியவை ஐந்து: 1915 ஆகஸ்ட் 30, அக்டோபர் 24, டிசம்பர் 14, 1916 ஜனவரி 25, மார்ச் 10. இந்தியா–சீனா எல்லையில் மக்மகான் கோடு என்று படிக்கிறோமே, அதே மக்மகான்தான்.

ஆகஸ்ட் கடிதத்தில் அவர் எல்லைப் பேச்சுக்கு இது நேரமில்லை என்று தட்டிக் கழித்தார். இரண்டே மாதத்தில் பேச்சு மாறியது. நடுவில் நடந்தது இது: உதுமானியப் படையிலிருந்த முகம்மது அல்ஃபரூக்கி என்ற இளம் அரபு அதிகாரி, துருக்கியின் கலிபோலி போர்முனையில் பிரிட்டிஷார் பக்கம் ஓடிவந்து கெய்ரோ சேர்ந்தார். சிரியாவிலும் இராக்கிலும் ரகசியச் சங்கங்கள் எழத் தயாராக இருக்கின்றன, உடனே பதில் சொல்லாவிட்டால் ஜெர்மனியின் பக்கம் போய்விடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் மிகை அதிகம். ஆனால் கலிபோலியில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கெய்ரோ அதிகாரிகளுக்கு அதை நம்பவேண்டிய தேவை இருந்தது.

அக்டோபர் 24 கடிதத்தின் சாரம்: ஹுசைன் கேட்ட எல்லைக்குள் அரபு சுதந்திரத்தை பிரிட்டன் ஆதரிக்கும். ஆனால் மர்ஸினும் அலெக்ஸாண்ட்ரெட்டாவும், டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகியவற்றுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகளும் சேராது. பாக்தாத், பஸ்ராவில் பிரிட்டனுக்குத் தனி நிர்வாக ஏற்பாடு. இதற்குமேல் ஒரு நிபந்தனை: பிரான்சின் நலனுக்குக் கேடில்லாமல் பிரிட்டன் எங்கே சுதந்திரமாகச் செயல்பட முடியுமோ அங்கே மட்டும்தான் இந்த உறுதி. எந்த இடம் அது என்று சொல்லவில்லை. வாக்குறுதி முழுவதையும் பிறகு உள்ளிழுத்துக்கொள்ள இந்த ஒரு நிபந்தனையே போதும். தெரிந்தே வைத்த வாசல் அது என்பதுதான் எங்கள் கருத்து.

இப்போது பாலஸ்தீனம். ஜெருசலேம் என்ற பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. நான்கு ஊர்களுக்கு மேற்கே இருப்பது லெபனானும் சிரியக் கடற்கரையும். பாலஸ்தீனம் டமாஸ்கஸுக்குத் தெற்கே, தென்மேற்கே. ஜெருசலேம் மாவட்டம் எந்த மாகாணத்திலும் சேராமல் நேராக இஸ்தான்புல்லின் கீழ் இருந்தது. அதை விலக்க விரும்பியிருந்தால் பெயர் சொல்லி விலக்குவது ஒரு வரி வேலை. 1922-இல் பிரிட்டன் வேறு வாதம் வைத்தது: டமாஸ்கஸ் என்றது ஊரை அல்ல, அகபா வரை நீளும் டமாஸ்கஸ் மாகாணத்தை, அதற்கு மேற்கே என்றால் பாலஸ்தீனமும் அடங்கும் என்றது. இது நிற்காது. ஹோம்ஸும் ஹமாவும் மாகாணங்களே அல்ல, டமாஸ்கஸ் மாகாணத்துக்குள் இருந்த ஊர்கள். அலெப்போ மாகாணமோ கடல் வரை நீண்டது. அதற்கு மேற்கே விலக்குவதற்கு நிலமே இல்லை. ஒரே வரியில் ஓர் ஊரை மாகாணமாகவும் அடுத்ததை ஊராகவும் வாசித்தால்தான் அந்த வாதம் நடக்கும்.

கடிதங்களை பிரிட்டிஷ் அரசு அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939-இல்தான். அதே ஆண்டு அரபு, பிரிட்டிஷ் பிரதிநிதிகள் கூடி ஆராய்ந்தபோது, பாலஸ்தீன மக்களின் விருப்பத்தையும் நலனையும் பாராமல் அந்த நாட்டை யாருக்கும் கொடுக்கும் உரிமை போர் முடிவில் பிரிட்டனுக்கு இருக்கவில்லை என்பதை பிரிட்டிஷ் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆக, வெளிப்படையாகத் தருவதாகச் சொல்லவில்லை. விலக்கியதாகவும் காட்ட முடியாது. கேட்டவர் கேட்ட எல்லைக்குள் அது இருந்தது. விலக்காதது கேட்டவருக்குச் சேரும் என்பதுதான் நியாயமான வாசிப்பு.

பாலஸ்தீனத்தைவிட அப்பட்டமான முரண் ஒன்று இருக்கிறது. யாரும் அதிகம் பேசுவதில்லை. ஐரோப்பிய ஆலோசகர்கள் தேவைப்பட்டால் அரபு அரசு பிரிட்டிஷாரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மக்மகான் அதே கடிதத்தில் எழுதினார். ஏழு மாதம் கழித்து டமாஸ்கஸுக்கும் அலெப்போவுக்கும் ஆலோசகர் அனுப்பும் உரிமையை பிரிட்டன் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்தது. இங்கே எல்லைத் தகராறு எதுவும் கிடையாது. ஒரே ஊருக்கு இரண்டு பேச்சு.

கேள்வி: அந்தப் பகுதியில் பிரான்சுக்குப் பெரிய படையே இல்லாதபோது பிரிட்டன் ஏன் அவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுத்தது? (வாசகி, ஈரோடு)

பதில்: போரின் பாரத்தை பிரெஞ்சுப் படை தன் மண்ணில் சுமந்துகொண்டிருந்தது. மேற்கு முனையில் பிரான்ஸ் தளர்ந்தால் எல்லாமே போய்விடும். 1916 பிப்ரவரியில் வெர்டன் தொடங்கியபின் பாரிசை மனம்நோகச் செய்ய லண்டன் துணியவில்லை.

இரண்டாவது காரணம் ரஷ்யா. 1915 மார்ச்–ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளையும் ஜலசந்திகளையும் ரஷ்யாவுக்குத் தருவதாக பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆர்மீனியப் பக்கமிருந்து ரஷ்யா இறங்கினால் அடுத்து வருவது மெசபடோமியா (இன்றைய இராக்). ரஷ்யாவுக்கும் தனக்கும் நடுவே பிரெஞ்சு நிலம் ஒன்று பட்டையாகக் கிடந்தால் நல்லது என்று போர் அமைச்சர் கிட்ச்னர் போன்றவர்கள் நினைத்தார்கள். மோசுல் பிரான்சின் பங்குக்குப் போனது இதனால்தான். ரஷ்யாவின் சம்மதத்துக்காக சைக்ஸும் பிக்கோவும் 1916 வசந்தத்தில் பெட்ரோகிராடுக்கே போனார்கள். வெளியுறவு அமைச்சர் சஸானோவ் கிழக்கு ஆனத்தோலியாவில் தன் பங்கை எடுத்துக்கொண்டு சம்மதித்தார். இத்தாலிக்கு ஆரம்பத்தில் எதுவும் சொல்லவில்லை. பிறகு 1917 ஏப்ரலில் ஸ்மிர்னா பக்கம் பங்கு தருவதாக அதற்கும் ஒரு வாக்கு. ரஷ்யாவின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஒப்புதல் கடைசிவரை வரவில்லை.

பிக்கோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போருக்கு முன் அவர் பெய்ரூத்தில் பிரெஞ்சுத் தூதரகத் தலைவர். 1914-இல் கிளம்பும்போது அரபுத் தேசியவாதிகளோடு தொடர்புடைய காகிதங்களை எரிக்காமல் விட்டுப் போனார். அவை உதுமானியத் தளபதி ஜெமால் பாஷாவின் கையில் சிக்கின. 1916 மே 6 அன்று பெய்ரூத்திலும் டமாஸ்கஸிலுமாக 21 பேரைத் தூக்கிலிட்டார்கள். லெபனானிலும் சிரியாவிலும் அது தியாகிகள் தினம். அதே வாரத்தில்தான் லண்டனில் பிக்கோவின் ஒப்பந்த வரைபடம் கையெழுத்தானது.

கேள்வி: ஹுசைனுக்கு இந்த ரகசியம் கடைசிவரை தெரியாதா? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: அரைகுறையாகத் தெரியவைத்தார்கள். தெரியவைத்த விதத்தைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

1917 மே மாதம் சைக்ஸும் பிக்கோவும் ஜித்தாவுக்கு வந்தார்கள். சிரியக் கடற்கரையில் பிரான்சுக்கு இடம் தர ஹுசைன் மறுத்தார். மறுநாள் அவர் தரப்பில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது: பாக்தாதில் பிரிட்டன் எப்படி நடந்துகொள்கிறதோ, சிரியக் கடற்கரையில் பிரான்சும் அப்படியே நடந்துகொள்ளட்டும். பிக்கோவுக்கு ஏக மகிழ்ச்சி. பாக்தாத் வரைபடத்தில் சிவப்பு, நேரடி ஆட்சி என்பது அவருக்குத் தெரியும். அதே அளவு தனக்கு நீலத்தில் கிடைத்துவிட்டது. ஹுசைனின் கணக்கு வேறு. பாக்தாதும் பஸ்ராவும் அரபு நாட்டின் பகுதிகள், பிரிட்டன் கொஞ்ச காலம் வைத்திருந்து அதற்குப் பணமும் கொடுத்துவிட்டுத் திருப்பித் தரும் என்றுதான் கடிதங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அதே ஏற்பாடு பெய்ரூத்துக்கும் என்றால் நல்லதுதானே என்று சம்மதித்தார். ஒப்பந்தப் பிரதியை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஜித்தாவிலிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி கர்னல் வில்சனே இது நேர்மையில்லை என்று கலங்கி மேலிடத்துக்கு எழுதினார்.

முழு உண்மை ரஷ்யப் புரட்சியால் வெளிவந்தது. 1917 நவம்பரில் ட்ராட்ஸ்கி ஜார் அரசின் ரகசிய உடன்படிக்கைகளைப் பத்திரிகையில் வெளியிட்டார். சில நாளில் மான்செஸ்டர் கார்டியனும் அச்சிட்டது. ஜெமால் பாஷா டிசம்பரில் பெய்ரூத்தில் அதை மேடையில் சொன்னார், ஹுசைனின் மகன் ஃபைசலுக்கும் எழுதினார். ஹுசைன் அந்தக் கடிதங்களை பிரிட்டிஷாருக்கே அனுப்பி விளக்கம் கேட்டார். 1918 பிப்ரவரியில் வந்த பதில், துருக்கியர் சந்தேகம் விதைக்கிறார்கள், அரபு விடுதலையில் பிரிட்டன் உறுதியாக இருக்கிறது என்றது. ஒப்பந்தம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கேள்வி: இந்தப் பேரத்தில் அன்றைய இந்திய அரசுக்கு என்ன வேலை? (ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்)

பதில்: நிறைய. பிரிட்டன் என்று ஒரே குரலாகச் சொல்கிறோமே, அது இரண்டு அலுவலகங்களின் சண்டை. கெய்ரோ ஒரு பக்கம், இந்திய அரசு மறுபக்கம். உதுமானியரோடு போர் அறிவித்த மறுநாள், 1914 நவம்பர் 6 அன்று, இந்தியப் படை வளைகுடாக் கரையில் உள்ள ஃபாவில் இறங்கியது. அந்த மாதமே பஸ்ராவைப் பிடித்தது. மெசபடோமியாவில் சேவை செய்த இந்தியர்கள், தொழிலாளர்களையும் சேர்த்து, 5 இலட்சத்துக்கும் மேல். 1916 ஏப்ரல் 29 அன்று மெசபடோமியாவின் கூத் அல்-அமாரா நகரில் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பான்மையினர் இந்தியர்களே. இவ்வளவு கொடுத்துப் பிடித்த பஸ்ராவை, கெய்ரோவில் இருந்துகொண்டு ஒருவர் அரபு அரசில் சேர்த்து எழுதுகிறாரே என்று வைஸ்ராய் ஹார்டிஞ் கடுமையாக எதிர்த்தார். பஸ்ராவை இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்திய முஸ்லிம்கள் கலீஃபாவுக்கு எதிரான கலகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையும் இருந்தது.

ஆளும் வேறு. கெய்ரோவின் ஆள் ஹுசைன். இந்திய அரசின் ஆள் நடு அரேபியாவில் உள்ள நஜ்தின் இப்னு சவூது. 1915 டிசம்பர் 26 அன்று இந்திய அரசின் அதிகாரி பெர்சி காக்ஸ் அவரோடு தாரின் உடன்படிக்கை செய்தார். 1917-லிருந்து அவருக்கு மாதம் 5,000 பவுன். ஹுசைனுக்குக் கலகம் தொடங்கியபோதே மாதம் 1,25,000 பவுன், தங்கமாக. இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்து வந்த பணம். 1919 மே மாதம் துரபாவில் இப்னு சவூதின் ஆட்கள் ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படையை இரவில் தாக்கி அழித்தார்கள். 1924-இல் மெக்கா இப்னு சவூதிடம் போனது. ஹுசைன் பதவி துறந்து நாடு விட்டுப் போனார்.

கேள்வி: எம்டன் கப்பல் மாலுமிகள் அரேபியாவில் நடந்தே போனார்கள் என்று தாத்தா சொல்வார். கதையா? (வாசகி, சென்னை)

பதில்: நடந்ததுதான், நடையோடு படகும் ஒட்டகமும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் வீழ்ந்தது. அப்போது கரையில் இறங்கியிருந்த சுமார் 50 பேர் ஹெல்முட் ஃபான் மியூக்கே தலைமையில் ஒரு பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பி, 1915 ஜனவரியில் ஏமன் நாட்டு ஹுதைதாவில் இறங்கினார்கள். ஜித்தாவுக்கு அருகே பெதூயின்கள் (பாலைவன நாடோடிக் குலத்தார்) அவர்களைச் சூழ்ந்து தாக்கினார்கள். மூன்று நாள் மணலில் பள்ளம் தோண்டிச் சண்டையிட்டவர்களை மீட்டது மெக்கா ஷரீஃபின் ஆட்கள். மே மாதம் அல்-உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். அந்த ஷரீஃப் ஏற்கெனவே பிரிட்டிஷாரோடு தொடர்பில் இருந்தவர். வெளியே இன்னும் சுல்தானின் விசுவாசி. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாத காலத்தில் அவர் இரண்டு வாசலையும் திறந்தே வைத்திருந்தார்.

கேள்வி: எல்லாம் எண்ணெய்க்காகத்தானே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: 1916-க்கு அந்தப் பதில் பொருந்தாது. எண்ணெய்தான் முதல் நோக்கம் என்றால் மோசுலை பிரிட்டன் பிரான்சிடம் விட்டிருக்காது. 1918-க்குப் பொருந்தும். அந்த ஆண்டு கோடையில் கடற்படையின் எண்ணெய்த் தேவை பற்றிய அறிக்கைகள் அமைச்சர்கள் மேசைக்கு வந்தன. அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது பிரிட்டிஷ் படை மோசுலுக்கு வெளியே இருந்தது. நிற்காமல் நடந்து நவம்பரில் ஊரைப் பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 1 அன்று லண்டனில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ, பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். மோசுல் என்றார் அவர். சரி, வேறு? ஜெருசலேம். அதுவும் சரி. அந்தப் பேச்சுக்கு அப்போது எழுத்தில் குறிப்பு இல்லை. பின்னால் என்ன பதிலுக்குத் தருவதாகச் சொன்னார்கள் என்று இரு தரப்பும் சச்சரவிட்டதற்கு இதுதான் காரணம். 1920-இல் சான் ரேமோவில், துருக்கிய பெட்ரோலியக் கம்பெனியில் ஜெர்மன் வங்கிக்கு இருந்த 25 சதவீதப் பங்கு பிரான்சுக்குப் போனது. கிர்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது 1927 அக்டோபரில்.

கேள்வி: அரபுக் கலகத்தை நடத்தியது லாரன்ஸ்தானே? (மாணவர், மதுரை)

பதில்: இல்லை. கலகம் 1916 ஜூனில் தொடங்கியது. பிரிட்டிஷ் அதிகாரியான லாரன்ஸ், மெக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸில் கால் வைத்தது அக்டோபரில். செங்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கி, தங்கம், எகிப்தியப் பீரங்கிப்படை, உதுமானியப் படையில் பயின்ற ஜாஃபர் அல்அஸ்கரி போன்ற அரபு அதிகாரிகள், ஃபைசல் குலங்களுக்குள் செய்த சமரசம் எல்லாம் சேர்ந்துதான் அது நின்றது. மதீனா மட்டும் உதுமானியத் தளபதி ஃபக்ரி பாஷாவின் கையில் 1919 ஜனவரி வரை விழவில்லை.

கேள்வி: பால்ஃபர் அறிக்கையை பிரிட்டிஷ் அமைச்சர்கள் யாருமே எதிர்க்கவில்லையா? (வாசகி, கோவை)

பதில்: பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு தரும் என்ற 1917 அறிக்கை அது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகு. அவரே ஒரு யூதர். பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லம் என்றால், மற்ற நாடுகளில் வாழும் யூதர்களை அந்நியராகப் பார்க்க அதுவே சாக்காகும் என்று 1917 ஆகஸ்டில் குறிப்பு எழுதினார். அமைச்சர் கர்சனும் ஐயம் தெரிவித்தார். அறிக்கை நவம்பர் 2 அன்று வெளியானபோது மாண்டேகு இந்தியாவுக்கு வரும் கடல் பயணத்தில் இருந்தார். அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபு மக்களை அறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. யூதரல்லாத சமூகங்கள் என்றது. அவர்களுடைய சிவில், மத உரிமைகளைச் சொன்னது, அரசியல் உரிமையைச் சொல்லவில்லை.

கேள்வி: டமாஸ்கஸில் ஃபைசல் அரசராகவே இருந்தாரே, அது எப்படிப் போனது? அந்த மக்களை யாருமே கேட்கவில்லையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஃபைசலின் ஆட்சி பிரிட்டிஷ் படையின் நிழலில் இருந்தது. 1919 செப்டம்பரில் லாயிட் ஜார்ஜ் சிரியாவிலிருந்து படையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். பணத்தையும் குறைத்தார். அந்த நவம்பரிலேயே ஃபைசல் தனியாளானார். 1920 மார்ச் 8 அன்று சிரியக் காங்கிரஸ் அவரை அரசராக அறிவித்தது. ஏப்ரலில் சான் ரேமோ சிரியாவை பிரான்சுக்குக் கொடுத்தது. ஜூலை 14 அன்று கூரோ இறுதி எச்சரிக்கை விடுத்தார். ஃபைசல் தன் படையையே கலைத்து, ஏற்கிறேன் என்று தந்தியும் அடித்தார். தந்தி நேரத்துக்கு வரவில்லை என்று சொல்லி பிரெஞ்சுப் படை முன்னேறியது. ஜூலை 24 அன்று மைசலூன் கணவாயில் போர் அமைச்சர் யூசுஃப் அல்அஸ்மா, தோற்பது உறுதி என்று தெரிந்தே, மிஞ்சிய வீரர்களோடும் தொண்டர்களோடும் டாங்கிகளையும் விமானங்களையும் எதிர்த்து நின்று களத்தில் இறந்தார். மறுநாள் டமாஸ்கஸ் விழுந்தது. ஃபைசலை 1921 ஆகஸ்ட் 23 அன்று பிரிட்டன் பாக்தாதில் அரசராக்கியது.

மக்களைக் கேட்டார்கள், ஒரே ஒரு முறை. அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங்–கிரேன் குழு 1919 ஜூன், ஜூலையில் யாஃபாவிலிருந்து அலெப்போ வரை ஊர் ஊராகப் போனது. பிரான்ஸ் உறுப்பினர்களை அனுப்ப மறுத்தது, பிரிட்டனும் ஒதுங்கியது. குழு இராக்குக்குப் போகவில்லை. வந்த மனுக்கள் 1,863. பல மனுக்கள் ஒரே வாசகத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியவை என்பதைக் குழுவே குறித்திருக்கிறது. ஆகவே எண்களை வாக்கெடுப்பு முடிவு போலக் கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவு. பிரிக்கப்படாத சிரியா வேண்டும் என்றவை 80 சதவீதம். முழுச் சுதந்திரம் கேட்டவை 73 சதவீதத்துக்கும் மேல். பிரெஞ்சு ஆட்சி வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதியவை 60 சதவீதம். வெளியார் மேற்பார்வை கட்டாயமென்றால் அமெரிக்கா வரட்டும், இல்லையேல் பிரிட்டன் என்பது பலருடைய பதில்.

குழு ஆகஸ்ட் இறுதியில் பாரிசில் அறிக்கையைக் கொடுத்தது. மாநாட்டில் அதை யாரும் விவாதத்துக்கு எடுக்கவில்லை. 1922 டிசம்பரில்தான் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதை அச்சிட்டது. சிரியாவை பிரான்சுக்கும் பாலஸ்தீனத்தை பிரிட்டனுக்கும் ஒப்படைக்கும் ஆவணங்களை உலக நாடுகள் சங்கம் அதே ஆண்டு ஜூலை 24 அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது.